துளைகள் இடம் மாறாத மேம்பாடு: மோஜோ 2-உம் அதன் துணைக்கருவியும்

கார்ட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2022-இன் தொடக்கத்தில் மோஜோ 2 என்னும் கையடக்க ஹெட்போன் டாக் கருவியை, அதாவது டிஜிட்டல் இசையை ஹெட்போனில் கேட்கும் ஒலியாக மாற்றும் பெட்டியை, அறிவித்தபோது, நான் முதலில் தேடிப் பார்த்தது அதன் உள்ளீட்டு முகத்தின் படத்தைத்தான். ஒலித்தரம், பேட்டரி, புதிய வசதிகள் எல்லாம் அப்புறம் வாசிக்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, படத்தைப் பெரிதாக்கித் துளைகளை எண்ணினேன். முதல் மோஜோவுடன், அதன் துளைகளில் நேராகச் செருகும் பாலி என்னும் துணைக்கருவியையும் வாங்கியிருந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். துளைகள் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால்கூட அந்தத் துணைக்கருவி மேசைமேல் வைக்கும் காகிதப் பாரமாகிவிடும் என்ற நிலை.

முதல் மோஜோ 2015 அக்டோபரில் வந்தது. ஆங்கிலத்தில் ‘நடமாடும் மகிழ்ச்சி’ என்று பொருள்தரும் இரு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. சட்டைப்பைக்குள் அடங்கும் அலுமினியப் பெட்டி. மேலே உருளும் கண்ணாடிக் கோலிகளைப் போன்ற மூன்று உருண்டைகள். ஒரு முனையில் இரண்டு 3.5 மி.மீ. ஹெட்போன் துளைகள், மறுமுனையில் டிஜிட்டல் உள்ளீடுகள். கடையில் கிடைக்கும் ஆயத்த டாக் சில்லு எதையும் பயன்படுத்தாமல், எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் நிரலேற்றத்தக்க சில்லுக்குள், இந்த டாக்குகளை வடிவமைக்கும் ராப் வாட்ஸ் எழுதிய ஒலி வடிகட்டி இயங்குவதுதான் இதன் அடிப்படை. அவர் இந்த வழியைக் கையடக்கக் கருவிகளில் 2014-இல் வந்த ஹ்யூகோவிலேயே தொடங்கிவிட்டார்; மோஜோ அதைப் பலரும் வாங்கக்கூடிய அளவுக்கும் விலைக்கும் இறக்கியது.

பாலி 2017-இல் வந்தது. ஆங்கில எழுத்துகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ‘போலி’ என்றாகிவிடும். இந்த விலைக்கு வாங்கிய பொருளை அப்படி அழைக்க மனம் வரவில்லை, உச்சரிப்பும் பாலி என்பதற்கே நெருக்கம் என்பதால் அப்படியே எழுதுகிறேன். அறிமுகமானபோது அதன் விலை மோஜோவின் விலையைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அதற்குள் டாக்கும் இல்லை, ஹெட்போன் துளையும் இல்லை. வைஃபை, புளூடூத், மைக்ரோ எஸ்டி அட்டைக்கான இடம், டி.எல்.என்.ஏ., ஏர்பிளே, ரூன் ஆகிய வலைப்பின்னல் வழி இசை அனுப்பும் முறைகளுக்கான ஆதரவு, தனக்கென ஒரு பேட்டரி, இவ்வளவுதான். அதன் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மைக்ரோ யூஎஸ்பி முனைகள் மோஜோவின் துளைகளில் நேராகச் செருகிக்கொள்ள, இரண்டும் ஒரே கருவிபோல் ஒட்டிக்கொள்ளும். கேபிள் கிடையாது, தொங்கல் கிடையாது. பாலியை ஒரு சார்ஜரில் மாட்டினால் மோஜோவும் சேர்ந்தே சார்ஜ் ஆகும். தொடக்கத்தில் அதன் அமைப்பு முறை பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2018-இல் அதற்கென ஒரு செயலி வந்த பிறகுதான் சாதாரணமாகப் பயன்படுத்தும் நிலை உருவானது.

நேராகச் செருகும் இந்த அமைப்பின் அழகே அதன் சிக்கலும் ஆகும். கேபிள் வழியாக இணையும் துணைக்கருவி என்றால், புதிய பதிப்பில் துளையின் வகை மாறினாலும் வேறொரு கேபிளை வாங்கிச் சமாளித்துவிடலாம். விறைத்த முனைகளால் இணையும் துணைக்கருவிக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. துளைகளின் வகை, அவற்றுக்கிடையிலான தூரம், பெட்டியின் விளிம்பிலிருந்து அவை இருக்கும் உயரம் ஆகிய மூன்றும் மாறாமல் இருந்தால்தான் அதற்கு வாழ்வு. அதனால்தான் அடுத்த மோஜோவுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் எங்களைப் போன்றவர்களின் விருப்பம் இரண்டு திசைகளில் இழுத்துக்கொண்டிருந்தது. உலகம் முழுவதும் கைபேசிகள் யூஎஸ்பி-சிக்கு மாறிவிட்டன, ஆகவே மேம்பட்ட மோஜோவில் யூஎஸ்பி-சி வேண்டும். அதே வேளையில் பாலியின் முனைகள் மைக்ரோ யூஎஸ்பி, ஆகவே அந்தத் துளைகள் போய்விடவும் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

நிறுவனம் இரண்டையுமே கொடுத்தது. மோஜோ 2-இல் பழைய இரு மைக்ரோ யூஎஸ்பி துளைகளும், ஆப்டிகல், கோஆக்சியல் என்னும் மற்ற டிஜிட்டல் உள்ளீடுகளும் இருந்த இடத்திலேயே இருக்க, தரவுக்கென ஒரு யூஎஸ்பி-சி துளை கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. பழைய பாலி புதிய மோஜோ 2-இல் எந்த இடைப்பொருளும் இன்றிப் பொருந்துகிறது. இது சிறிய செயல் அன்று. ஐந்தாண்டுக்கு முந்தைய துணைக்கருவியை மனத்தில் வைத்து ஒரு புதிய கருவியின் முகத்தை வடிவமைப்பது மின்னணுப் பொருள்களின் உலகில் அரிதாகவே நடக்கிறது. துணைக்கருவியைக் கைவிட்டுவிட்டு அதன் இரண்டாம் பதிப்பை விற்பதே வழக்கம்.

ஆனால் இந்தப் பெருந்தன்மைக்கு ஒரு விலை உண்டு. புதிய யூஎஸ்பி-சி துளை ஒலித் தரவுக்கு மட்டுமே. சார்ஜ் ஏற்றுவதற்கு இன்னமும் மைக்ரோ யூஎஸ்பிதான். 2007-இல் வகுக்கப்பட்ட ஓர் இணைப்பு வகையை, யூஎஸ்பி-சி வகுக்கப்பட்டு ஏழாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு வெளிவந்த கருவியில் சார்ஜுக்கென வைத்திருப்பதைப் பாலி வைத்திருப்பவன் புரிந்துகொள்வான். பாலியே இல்லாமல் புதிதாக மோஜோ 2 வாங்குபவன் எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? பயணப்பையில் கைபேசி, மடிக்கணினி, காதொலிப்பான் எல்லாவற்றுக்கும் ஒரே கேபிள் போதும் என்றான பிறகு, இந்த ஒன்றுக்காக மட்டும் தலைகீழாகச் செருகினால் நுழையாத ஒரு பழைய கேபிளை எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் பல வகைக் கையடக்கக் கருவிகளுக்கு யூஎஸ்பி-சி சார்ஜ் துளை கட்டாயமாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு.

பாலியைச் செருகினால் உள்ளீட்டு முகம் முழுவதும் மறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆவலோடு காத்திருந்த யூஎஸ்பி-சி துளையும் அதில் அடக்கம். எனவே வீட்டில் கணினியோடும் வெளியில் பாலியோடும் பயன்படுத்துபவர் நாளொன்றுக்குச் சிலமுறை கழற்றி மாட்ட நேரிடும். அப்போது இரு கருவிகளையும் நேர்கோட்டில் பிடித்து இழுப்பது நல்லது. ஒரு பக்கமாகச் சாய்த்து நெம்பினால் அந்தச் சின்னஞ்சிறு முனைகளில் முழு விசையும் விழும்.

பாலி இல்லாதவர்களுக்குத் துணைக்கருவி என்றால் கேபிள்தான், அதில் ஏமாறுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. பழைய மோஜோவைக் கைபேசியோடு இணைக்க, கைபேசியைக் கணினிபோல் ஆளும் கருவியாக்கும் ஓடிஜி கேபிள் தேவைப்பட்டது. இரு முனையும் மைக்ரோவாக உள்ள கேபிளில் எந்த முனை கைபேசிக்கு, எந்த முனை டாக்குக்கு என்ற வேறுபாடு உண்டு. மாற்றிச் செருகினால் கைபேசி தன்னை ஆளும் கருவியாக உணராது, ஒலியும் வராது. ஐபோன் என்றால் நிழற்படக் கருவிகளை இணைப்பதற்காக ஆப்பிள் விற்ற இடைப்பொருளும் அதன்பின் ஒரு கேபிளும் வேண்டும். டாக்கைவிட அதைச் சுற்றியிருக்கும் வால் நீளமாகிவிடும். மோஜோ 2-உம் யூஎஸ்பி-சி கொண்ட கைபேசியும் இருந்தால் இந்தத் தொல்லைகள் ஒரே குட்டைக் கேபிளில் முடிந்துவிடுகின்றன; 2023-இல் ஐபோன் 15 வந்த பிறகு ஆப்பிள் பயனர்களுக்கும் இதே வசதி கிட்டிவிட்டது. இதற்கு விலையுயர்ந்த அதிவேகக் கேபிள் எதுவும் தேவையில்லை. 768 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், இரு தடங்கள் என்ற உச்ச நிலையிலும் ஒலித் தரவு நொடிக்கு 50 மெகாபிட்டைத் தாண்டாது. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளின் கொள்ளளவு 480 மெகாபிட். ஒரேயொரு எச்சரிக்கை: சார்ஜுக்கு மட்டும் என்று மலிவாகச் செய்யப்படும் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. அப்படி ஒன்றை ஒருமுறை வாங்கிவிட்டு, கோளாறு டாக்கிலா கைபேசியிலா என்று ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன்.

இணைப்பு சரியாக அமைந்ததா என்பதைச் சோதிக்க மோஜோவிலேயே ஓர் எளிய வழி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. மின் விசை உருண்டையின் நிறம் உள்ளே வரும் மாதிரி வீதத்தை, அதாவது ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்பட்டது என்பதை, காட்டுகிறது: 44.1 கிலோஹெர்ட்ஸுக்குச் சிவப்பு, 48-க்கு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், பச்சை என்று வானவில்போல் ஏறிச்செல்லும். குறுந்தட்டுத் தரத்தில், அதாவது 44.1-இல், உள்ள பாடல் ஒன்றை ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒலிக்கவிடும்போது உருண்டை ஆரஞ்சாக ஒளிர்ந்தால், நடுவில் கைபேசியின் ஒலி அமைப்பு அதை 48-க்கு மாற்றிவிட்டது என்று பொருள். செயலியை மாற்றினால், அல்லது அதன் அமைப்பில் யூஎஸ்பியை நேரடியாகக் கையாளும் வழியைத் தேர்ந்தால், அதே பாடலுக்குச் சிவப்பு வரும். பாலி வழியாக அட்டையிலிருந்து ஒலிக்கும்போது கைபேசி இந்தப் பாதையில் குறுக்கிடுவதே இல்லை என்பதால் இந்தக் கவலையும் எழாது. பாலி மீது எனக்குள்ள பற்றுக்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனெனில் முதல் மோஜோவே நல்ல கருவி. வடிகட்டியின் நீளம் 40,960 ‘டேப்’களாக (அதன் கணக்கீட்டுப் படிகளாக) கூடியிருக்கிறது; எண்ணளவில் பழையதைவிடப் பெரிய தாண்டல் அன்று. வேறுபாடு ஓரளவு தெளிவாகக் கேட்கிறது, குறிப்பாகத் தபலாவின் விரல் வீச்சிலும் வீணையின் தந்தி அதிர்ந்து அடங்கும் முடிவிலும். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வேன் என்று பந்தயம் கட்டமாட்டேன். உண்மையான மேம்பாடு, புதிதாகச் சேர்ந்த நான்காம் உருண்டைக்குப் பின்னால் இருக்கும் ஒலிச் சமன் வசதி. தாழ் ஒலியில் இரண்டு, உயர் ஒலியில் இரண்டு என நான்கு பகுதிகளை ஒவ்வொன்றும் 18 படிகளில் கூட்டிக் குறைக்கலாம். கணக்கீடு 104 பிட் அகலத்தில் நடப்பதால், நுட்பமான விவரங்கள் அதில் கரைந்துபோவதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். காதுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. இடவலத் தடங்களை மிதமாகக் கலக்கும் வசதியும் மூன்று அளவுகளில் உண்டு. இவை டாக்கிற்குள்ளேயே நடப்பதால் கணினி, கைபேசி, பாலி எதை மாட்டினாலும் உங்கள் அமைப்பு கூடவே வருகிறது. எந்த நிறம் எந்தப் பகுதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முதல் வாரம் கையேடு தேவைப்படும். திரை ஒன்று இருந்திருந்தால் இந்த வண்ண மொழியை யாரும் கற்க வேண்டியிருக்காது.

ஹெட்போன்களோடு பொருந்துவதில் குறை எதுவும் இல்லை. வெளியீட்டு மின்தடை 0.06 ஓம் என்ற அளவில் இருப்பதால், பல இயக்கிகள் (ஒலி எழுப்பும் பகுதிகள்) கொண்ட காதுக்குள் செருகும் ஒலிப்பான்களின் இயல்பான ஒலிவண்ணம் குலைவதில்லை. 300 ஓம் ஹெட்போனுக்கு 90 மில்லிவாட் என்பது இந்த அளவுள்ள பெட்டிக்குத் தாராளம். நீண்ட நேரம் மேசையில் மின்இணைப்போடு வைத்திருப்பவர்களுக்காக, பேட்டரியை ஓயாமல் ஏற்றி இறக்காமல் காக்கும் ஏற்பாடும் புதிதாக வந்திருக்கிறது. பெட்டி சூடாகும், அது முன்பும் அப்படித்தான்.

இனி ஒரு பதிப்பை எதிர்நோக்கும்போது என் எதிர்பார்ப்பு மாறிவிட்டது. முன்பு பாலி பொருந்த வேண்டும் என்று விரும்பினேன்; இப்போது அந்த விருப்பமே தலைகீழானது என்று நினைக்கிறேன். டாக் என்பது மெதுவாக மூப்படையும் பொருள். 1982-இல் வந்த குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கோப்பு இன்றும் அப்படியே ஒலிக்கிறது, நாளையும் ஒலிக்கும். வலைப்பின்னலோடு பேசும் பகுதி அப்படியில்லை. வைஃபை தலைமுறைகள் மாறுகின்றன, இசைச் சேவைகள் தங்கள் விதிகளை மாற்றுகின்றன, கைபேசிச் செயலி ஒன்று புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனால் நல்ல வன்பொருளும் ஊமையாகிவிடும். விரைவில் மூப்படையும் பகுதிக்காக நீண்டநாள் வாழும் பகுதி தன் முகத்தை உறையவைத்துக்கொண்டதுதான் மோஜோ 2-இல் நடந்தது. ஐஃபை என்னும் இன்னொரு ஒலிக்கருவி நிறுவனம் 2014-இல் தன் மைக்ரோ ஐடிஎஸ்டி டாக் கருவியில் உள்வாங்கிய ஆண் வகை யூஎஸ்பி-ஏ முனையை வைத்தபோது பலருக்கும் விசித்திரமாக இருந்தது. ஆனால் ஆப்பிளின் இடைப்பொருள் அதில் நேராகச் செருகிக்கொண்டது, மற்ற கைபேசிகளுக்கும் பொதுவான ஓடிஜி கேபிள் போதுமானதாக இருந்தது. யாருடைய துணைக்கருவியும் பொருந்தக்கூடிய பொதுத் துளை என்பது இதுதான். மோஜோ வரிசையிலும் சார்ஜுக்கும் தரவுக்கும் யூஎஸ்பி-சியே இருந்து, அந்தத் துளையில் செருகிக்கொள்ளும் புதிய வலைப்பின்னல் கருவி ஒன்று வருமானால், என் பழைய பாலி பொருந்தாமல் போவதைப் பற்றி நான் வருந்தமாட்டேன்.

ஆகவே இன்று வாங்க நினைப்பவருக்கு: பாலி ஏற்கெனவே கையில் இருந்து, ஒலிச் சமன் வசதி தேவைப்பட்டால் மோஜோ 2-க்கு மாறுவதில் தயக்கம் வேண்டாம். மோஜோ மட்டும் வைத்திருந்து, கேபிளில் நிறைவாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவசரப்படத் தேவையில்லை. பாலியைப் பழைய பொருளாக வாங்குபவர் அதன் முனைகள் நேராக இருக்கின்றனவா என்பதையும், அதன் பேட்டரி இன்னும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் பணம் கொடுக்கும்முன் சோதித்துவிட வேண்டும். அவருடைய கைபேசியில் அமைப்புச் செயலி நிறுவப்படுகிறதா என்பதை அதற்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.