ஒரே டிஸ்பென்சருடன் எட்டு ஆண்டுகள்

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, காரிமங்கலத்தை ஒட்டிய நெடுஞ்சாலை பங்க் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். நான்கு நாசில்கள் (எரிபொருள் ஊற்றும் குழாய் முனைகள்) கொண்ட மின்னணு டிஸ்பென்சர், அதாவது பெட்ரோல், டீசலை அளந்து நிரப்பும் இயந்திரம் ஒன்றை எட்டு ஆண்டுகளாக இயக்கி வருகிறோம். அதில் நாம் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

2017 ஜூன் 16 முதல் எரிபொருள் விலை நாள்தோறும் காலை 6 மணிக்கு அறிவிக்கப்படுகிறது. புதிய விலை ஆட்டோமேஷன் (கணினி இணைப்பு) வழியாகத் தானே இயந்திரத்துக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தோம். 2021-இல் விலை அடிக்கடி ஏறிய நாட்களில் ஒரு காலை, மின்சாரம் விட்டு விட்டு வந்ததில் மூன்று நாசில்கள் புதிய விலைக்கு மாறின. நான்காவது, டீசல் நாசில், முந்தைய நாள் விலையிலேயே நின்றுவிட்டது. ஓசூர் நோக்கிச் சென்ற லாரி ஓட்டுநர்தான், "அண்ணா, அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை காட்டுதே" என்று கேட்டார். கர்நாடக எல்லையைத் தாண்டினால் டீசல் விலை வேறு என்பதால் இந்தத் தடத்தில் ஓடுபவர்கள் பைசா வரை கணக்கு வைத்திருப்பார்கள். அன்று முதல், 6 மணிக்கு ஒவ்வொரு நாசிலின் விலையையும் நேரில் பார்த்துக் குறித்த பிறகே விற்பனையைத் தொடங்குகிறோம்.

'ரீசெட்' என்ற ஒரே சொல்லை எங்கள் ஊழியர்கள் மூன்று வேலைகளுக்குச் சொல்கிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. நாசிலை எடுத்தவுடன் திரையில் எட்டுகள் தோன்றி மறைந்து பூஜ்யம் வருவது ஒன்று. நாசிலைச் சரியாக மாட்டாமல் விட்டால் இது நடக்காது. பழுது என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். திரை உறைந்துபோனால் இயந்திரத்தை அணைத்து மறுபடி இயக்குவது இரண்டாவது. அப்போது நான்கு நாசில்களையும் மாட்டச் சொல்லி, நான்கு டோட்டலைசர் எண்களையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருந்து இயக்குகிறேன். டோட்டலைசர் என்பது அந்த நாசில் வழியாக இதுவரை வெளியேறிய மொத்த லிட்டர். அது பூஜ்யத்துக்குத் திரும்பக் கூடாத எண். ஷிப்ட் முடிவில் கடைசி எண்ணிலிருந்து தொடக்க எண்ணையும் சோதனைக்கு எடுத்த அளவையும் கழித்துத்தான் விற்பனையைக் கணக்கிடுகிறோம் என்பதால், இயக்கிய பின் அந்த எண்ணில் ஒரு லிட்டர் வேறுபட்டாலும் விற்பனையை நிறுத்தி சர்வீஸ் பொறியாளரை அழைத்துவிடுவேன்.

மூன்றாவது, உள் அமைப்புகளை முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றுவது. அது பொறியாளரின் வேலை மட்டுமே. அளவு மீட்டரிலும், அதன் சுழற்சியை மின்துடிப்பாக மாற்றும் பல்சரிலும் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறது. முத்திரை உடைந்தால் மறுபடி சரிபார்த்து முத்திரையிடும் வரை அந்த நாசிலில் விற்கக் கூடாது. அமைப்புகளைத் திறக்கப் பொறியாளர் கொடுத்துச் செல்லும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுவதும் அவசியம். எங்கள் இயந்திரத்தில் முதல் மூன்று ஆண்டுகள் ஆரம்பக் கடவுச்சொல்லே இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது வகை ரீசெட்டுக்குப் பிறகு 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். பாத்திரத்தை முதலில் எரிபொருளால் நனைத்து வடித்துவிட்டு, சமதளத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். உலர்ந்த பாத்திரம் குறைவாகக் காட்டும். கூடவோ குறையவோ 25 மில்லிலிட்டர் வரை அனுமதி உண்டு. வாடிக்கையாளர் எவரும் இந்தச் சோதனையைக் கேட்கலாம். கேட்டவர்களுக்கு நாங்கள் மறுத்ததில்லை.

அளவில் இந்த இயந்திரம் என்னை ஏமாற்றியதே இல்லை. விசைப்பலகையை மட்டும் இரு முறை மாற்றினோம். நண்பகல் வெயிலில் திரையைப் படிக்க இன்றும் கையால் நிழல் கட்ட வேண்டியிருக்கிறது. பிழைக் குறிகள் ஆங்கில எழுத்துகளில் மட்டுமே வருவதால், ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் எழுதி இயந்திரக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.