அம்மாவின் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த காலணி: சென்னைப் பயண அனுபவம்

டொரன்டோவிலிருந்து இம்முறை சென்னைக்குச் சென்றபோது நான் செய்து முடிக்க விரும்பிய முதல் வேலை, நீண்ட காலமாகச் சர்க்கரை நோயுடன் வாழும் அம்மாவுக்கு அவருடைய பாதத்துக்கே பொருந்தும் காலணியைச் செய்து கொடுப்பதுதான். உள்ளங்காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் செருப்பு கடிப்பது தெரியாது. பெருவிரலின் அடியில் தோல் காய்த்து, அந்தக் காய்ப்புக்குள் புண் வளர்ந்து, தரையில் கசிவைப் பார்த்த பிறகே வீட்டார் கவனிக்கும் நிலை பல குடும்பங்களில் இருக்கிறது.

நாங்கள் சென்ற பாத மருத்துவ மையத்தில் எடுத்தவுடன் கணினியைத் தொடவில்லை என்பது எனக்கு நம்பிக்கை அளித்தது. அங்கிருந்த தொழில்நுட்பப் பெண், "கண்ணை மூடிக்கோங்க அம்மா, தொட்டதும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு, அம்மா உணராத இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அதன் பிறகுதான் அம்மாவை அழுத்தமானித் தட்டின் மேல் நடக்க வைத்தார். அழுத்தம் மிகுந்த இடது முன்பாதம் திரையில் சிவந்து தெரிந்தது. கடைசியாக ஸ்கேனர் சில நொடிகளில் இரு பாதங்களின் முப்பரிமாண வடிவத்தையும் பதிவு செய்தது.

வடிவமைப்பை எங்கள் கண்ணெதிரே செய்தார்கள். சிவந்த இடத்தின் அடியில், காலணிக்குள் பாதத்தைத் தாங்கும் மெத்தையான இன்சோலைச் சற்றுக் குழித்து, அதற்குப் பின்னால் மேடாக்கி, உடல் எடை பாதத்தின் நடுப்பகுதிக்கும் பரவும்படி அமைத்தார்கள். அந்தக் கோப்பின்படி ஈ.வி.ஏ. என்ற இலகுவான பிளாஸ்டிக் நுரைக்கட்டியைக் கணினி வழி இயங்கும் இயந்திரம் செதுக்கியது. மேலே எம்.சி.ஆர். எனப்படும், நுண்ணறைகள் கொண்ட மிருதுவான ரப்பரை ஒட்டினார்கள். வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களைக் காக்கப் பயன்பட்ட அதே எம்.சி.ஆர்., இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது.

இன்சோல் கச்சிதமாக இருந்தும், அதை வைத்த காலணி பொருந்தவில்லை. தடித்த இன்சோல் பாதத்தை உயர்த்தியதால் விரல்களின் மேற்புறம் உரசியது; முன்பகுதி அகலமும் போதவில்லை. இது அம்மாவுக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்தபோது, இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர்களின் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்தது. பிரிட்டிஷ் அளவுகளில் செய்த காலணியில் அகலம் வேண்டி நீளத்தைக் கூட்டி வாங்குகிறோம். பிறகு உள்ளே கால் வழுக்குகிறது. ‘பா’ என்ற பெயரில் இந்தியப் பாதங்களுக்கென எட்டு அளவுகளை அந்த ஆய்வை ஒட்டிப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது கடைகளுக்கு விரைவில் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆழமும் அகலமும் கூடிய வேறொரு காலணியை மையமே வரவழைத்து, அழுத்தத்தை அளக்கும் மெல்லிய உணரிகளை உள்ளே வைத்து அம்மாவை மீண்டும் நடக்கச் செய்தது. காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். அந்த அளவுக்கு இறங்கும் வரை இன்சோலை மேலும் செதுக்கினார்கள். என் பார்வையில் இந்தச் சேவையின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. இதற்கு முன் விசாரித்த வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்து, பணம் பெற்று, தபாலில் அனுப்புவதாக மட்டும் சொன்னார்கள். அணிந்த பின் சோதிப்பதைப் பற்றிய பேச்சே இல்லை. உணர்ச்சியற்ற பாதத்துக்கு அது போதாது.

விடுமுறையில் வருபவர்கள் வந்த வாரத்திலேயே அளவெடுத்துவிடுவது நல்லது. திருத்தத்துக்குக் கட்டாயம் நாள் பிடிக்கும். புதுக் காலணியை முதலில் சிறிது நேரம் மட்டும் அணிவித்து, கழற்றியதும் பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க உடனிருப்பவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஸ்கேன் கோப்பையும் இன்சோல் வடிவமைப்புக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுரை நாளடைவில் அமுங்கிவிடும் என்பதால் மாற்று இன்சோல் நிச்சயம் தேவைப்படும். அப்போது அந்தக் கோப்பிலிருந்தே வேலையைத் தொடங்கலாம், ஆனால் பாதத்தின் வடிவம் மாறியிருக்கக்கூடும் என்பதால் அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்யச் சொல்லுங்கள்.