மூன்று சக்கர மர நடைவண்டி: வாங்கலாம், ஆனால் அழுத்திப் பார்த்து

கோயில் வாசல் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த நடைவண்டிதான். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, முக்கோணச் சட்டம், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி. இப்போது பாலிஷ் போட்டு, அட்டைப்பெட்டியில் பிரித்து அடுக்கி ஆன்லைனிலும் விற்கிறார்கள்.

சுவரையும் கட்டிலையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு இது அருமையான பொருள். அதற்கு முன்பே வாங்கினால் பரணில்தான் கிடக்கும். நடக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நம்பி வாங்கவே வேண்டாம். நடை தானாக வரும். வண்டி தருவது தள்ளுகிற சந்தோஷத்தையும், நின்ற நிலையில் எடையைக் காலுக்குக் கால் மாற்றும் பழக்கத்தையும் மட்டும்தான்.

"வயசு ஒண்ணாச்சு, இன்னும் நடக்கலையே" என்று யாராவது சொன்னதும் கடைக்கு ஓடுகிறவர்கள் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சிக் கணக்கில், தனியாக நடப்பதற்கான வயது 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதம் வரை நீள்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது 5.9 முதல் 13.7 மாதம் வரை. பத்தில் நடந்த பிள்ளையும் பதினாறில் நடந்த பிள்ளையும் இதற்குள்தான் வருகிறார்கள். 18 மாதமாகியும் தனியாக அடி எடுத்து வைக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வண்டி அதற்கு மருந்தில்லை.

நடுவில் துணி இருக்கை வைத்த வட்ட பிளாஸ்டிக் வாக்கரையும் இதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. வாக்கரில் குழந்தை உட்கார்ந்து, நுனிக்காலால் தரையை உந்துகிறது. தன் உடல் எடையைத் தானே தாங்குவதில்லை, தட்டு மறைப்பதால் தன் பாதத்தையும் பார்ப்பதில்லை. ஒரு நொடியில் ஒரு மீட்டர் போய்விடும். பெரியவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டு வந்துவிடும். கனடா 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்தது, பழைய வாக்கரை விற்பதும் அங்கே குற்றம். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் 2,30,000-க்கும் மேல், பெரும்பாலானவர்கள் படிக்கட்டில் உருண்டவர்கள். நடை சீக்கிரம் வருமா என்றால் அதுவும் இல்லை. 2002-ல் வெளியான அயர்லாந்து ஆய்வில், வாக்கரில் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனி நடை மூன்று நாளுக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போனதைக் கண்டார்கள். பிள்ளையை அதில் உட்கார வைத்துவிட்டு சமைக்கலாம் என்பதுதான் அதன் ஒரே வசதி. சூடான குழம்புப் பாத்திரம் கைக்கு எட்டும் உயரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் அதே வாக்கர்தான்.

மர வண்டிக்கு இந்தப் பழி பொருந்தாது. குழந்தை நின்றால்தான் அது நகரும், கையை விட்டால் வண்டியும் நின்றுவிடும். ஆனால் கடையில் இருக்கும் எல்லா வண்டியும் நல்ல வண்டி இல்லை.

முதலில் கைப்பிடி. அது பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் நிற்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சில வண்டிகளில் கைப்பிடியைப் பின்பக்கம் சாய்த்து, அச்சைத் தாண்டி வெளியே கொண்டுவந்து விடுகிறார்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எழுவதற்கு அதைத்தான் பிடித்துத் தொங்கும். உடனே முன்சக்கரம் மேலே தூக்கும், வண்டி குழந்தை மேலேயே சாயும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வண்டியைச் சமதரையில் வைத்து, கைப்பிடியின் மேல் உள்ளங்கையை ஊன்றி நேர்க்கீழாக நன்றாக அழுத்துங்கள். முன்சக்கரம் ஒரு நூல் தூக்கினாலும் வேண்டாம். அடுத்து, கைப்பிடியின் ஒரு முனையை மட்டும் பிடித்து மூலைவாட்டில் முன்பக்கமாக அழுத்துங்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் மூன்று சக்கர வண்டிக்குப் பிறவியிலேயே இருக்கும் பலவீனம் இது. ஒரு கையால் பிடித்துத் தள்ளும் குழந்தை அந்தப் பக்கமாகவே கவிழும். பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் கைப்பிடியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இரண்டும் ஒரே அகலம் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

உயரத்துக்கு அளவுகோல் குழந்தைதான். நிற்கும்போது கைப்பிடி தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவே வர வேண்டும். ஒரு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 74 முதல் 76 செ.மீ. என்பதால், தரையிலிருந்து 42–46 செ.மீ. உள்ள வண்டி பெரும்பாலும் சரியாக இருக்கும். அதைவிட உயர்ந்தால் கை தோளுக்கு மேல் போகும், குழந்தை தள்ளாமல் தொங்கும். தாழ்ந்தால் குனிந்து ஓடி, முன்னால் விழும்.

சக்கரத்தில்தான் அதிகப் புகார். வழவழப்பான மரச் சக்கரம் டைல்ஸ் தரையில் பிடிப்பே இல்லாமல் ஓடும். வண்டி முன்னே போக, கால் பின்தங்க, குழந்தை முகம் குப்புற விழும். சிமென்ட் தரையிலும் சிவப்பு ஆக்சைடு தரையிலும் இந்தத் தொல்லை குறைவு. அந்தக் காலத்து வீடுகளில் இதே வண்டி ஒழுங்காக ஓடியதற்குத் தரையும் ஒரு காரணம். கையாலேயே சரிசெய்யலாம். பஞ்சர் கடையில் பழைய பைக் ட்யூப் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். சைக்கிள் ட்யூப் வேண்டாம், குறுகலானது, 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் ஏறாது. பைக் ட்யூபைக் குறுக்காக 2 செ.மீ. அகல வளையங்களாக வெட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, இழுத்துச் சக்கரத்தில் மாட்டினால் பசை இல்லாமலே கவ்விக்கொள்ளும். மூன்று சக்கரத்துக்கும் போடுங்கள், பின்னால் மட்டும் போட்டால் வண்டி முன்பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போதும் வேகம் என்றால், ஒரு கிலோ மணலைத் தடித்த துணிப்பையில் தைத்து, முக்கோணச் சட்டத்தின் நடுவில் தாழ்வாகக் கட்டுங்கள். நடை உறுதியான பிறகு அவிழ்த்துவிடலாம். கைப்பிடியில் பை மாட்டுவது நேர் எதிரான வேலை. எடை மேலே ஏறினால் கவிழ்வது எளிது.

வண்டி வளையாது. சுவரில் முட்டியதும் குழந்தை கத்தும், யாராவது போய்த் திருப்பிவிட வேண்டும். இதற்காக முன்சக்கரம் சுழலும் மாடலுக்குப் போகாதீர்கள். தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைக்கு நேராக மட்டும் போகும் வண்டிதான் பாதுகாப்பு.

பெயின்ட் விஷயத்தில் சற்றுக் கண்டிப்பு தேவை. பல் முளைக்கும் வயதில் கைப்பிடி நேராக வாய்க்குத்தான் போகும். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக்கூடாது என்று இந்தியாவில் 2017 நவம்பர் முதல் விதி இருக்கிறது, ஆனால் தொழிற்சாலைப் பெயின்ட்கள் அந்த விதிக்குள் வராதவை. வண்டியில் பளிச்சென்று தெரியும் மஞ்சளும் சிவப்பும் எந்த டப்பாவிலிருந்து வந்தன என்று கடைக்காரருக்கும் தெரியாது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு. முத்திரை இல்லாத வண்டி என்றால் வண்ணமே பூசாத மரத்தை வாங்குவது நல்லது. கர்நாடகத்தின் சன்னபட்டணா ஊர் மரப்பொம்மை வேலைப்பாட்டில் செய்தது கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டில் உருகவிட்டு நிறம் ஏற்றி, தாழை ஓலையால் மெருகேற்றும் முறை அது. விலை கூடுதல்தான்.

விரல் சிக்கும் இடைவெளியைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை. பொம்மைகளுக்கான தர விதியில், அசையும் பாகங்களுக்கு நடுவே 5 மி.மீ. கம்பி நுழைந்தால் 12 மி.மீ. கம்பியும் நுழைய வேண்டும். சட்டைப்பையில் ஒரு பென்சில் இருந்தால் போதும். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் அதை விட்டுப் பாருங்கள். பென்சில் போய், உங்கள் சுண்டுவிரல் போகவில்லை என்றால், பிள்ளையின் விரல் போய் மாட்டும் இடம் அதுதான். கைப்பிடியில் கோத்திருக்கும் மணி, சின்ன உருளை போன்றவற்றை இழுத்துப் பாருங்கள், 3 செ.மீ.-க்குச் சிறியது கழன்று வந்தால் தொண்டைக்குப் போகும்.

பெட்டியில் வரும் வண்டியைப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலிலேயே முழுக்க முறுக்காதீர்கள். எல்லாவற்றையும் பாதி ஏற்றி, வண்டியைத் தரையில் நிறுத்தி, மூன்று சக்கரமும் படிகிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். சக்கரத்தின் இருபுறமும் வாஷர் இல்லாவிட்டால் துளை தேய்ந்து முட்டை வடிவமாகும், சக்கரம் ஆடும். கீச்சென்ற சத்தத்துக்கு மெழுகுவத்தியை அச்சில் தேய்த்தால் போதும். மெஷின் ஆயில் பிள்ளை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஆணி அடித்த வண்டியை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். மரம் காயக் காய ஆணி வெளியே வரும்.

வீட்டுக்குள் வெறுங்காலே போதும். சாக்ஸ் டைல்ஸில் வழுக்கும், ஷூவில் விரல் தரையைப் பற்றாது. தரை தொடும் பாவாடையும் தொங்கும் கொலுசும் சக்கரத்தில் சிக்கும். பழைய வீடு என்றால் நிலைப்படியைக் கவனியுங்கள், முன்சக்கரம் அதில் இடித்து நிற்கும், குழந்தை நிற்காது. மாடிப்படி இருந்தால் தடுப்பு அடைத்த பிறகே வண்டியை இறக்குங்கள்.

வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஒரு கனமான பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துப் போடுங்கள். பிள்ளை அதைத் தள்ளிக்கொண்டு கூடத்தைச் சுற்றினால் வண்டிக்கு வேளை வந்துவிட்டது. ஸ்டூலே போதும் என்று பிள்ளை முடிவு செய்துவிட்டாலும் நஷ்டமில்லை.