பச்சைக்கறிப் பாக்கெட்: முனியனுக்கும் சுண்டுவுக்கும் வாங்கிப் பார்த்த கதை

முதலில் மலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். நாய்க்குப் பச்சைக்கறி போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால், பத்து நிமிடத்தில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது காலை ஆறு மணிக்கு, மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பது நான்தான்.

தீனியில் எலும்பு கூடிப்போனால் வெளுத்து, சுண்ணாம்புக்கட்டி மாதிரி இறுகியிருக்கும். காகிதத்தால் எடுத்தாலே பொடிப்பொடியாக உதிரும். எலும்பு குறைந்து ஈரல் கூடினால் கறுத்து இளகிவிடும். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வந்த பச்சைக்கறிப் பெட்டியை எங்கள் நாய் முனியன் தின்ற நாட்களில் சுண்ணாம்பு. முனியன் முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செப்டம்பர் முதல் வாரப் பெட்டிக்குத் தார். பாக்கெட்டில் அதே லேபிள், அதே படம், அதே விலை. உள்ளே இருந்ததுதான் வாரத்துக்கு வாரம் வேறு.

முனியன் நாட்டு நாய், ஆறு வயது, 18 கிலோ. சுண்டு பூனை, 4 கிலோ, மூன்று வயது. 2024 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் கடைசிவரை, நடுவில் புரட்டாசி நீங்கலாக, இரண்டுக்கும் ஒரு கம்பெனியின் உறைய வைத்த பச்சைக்கறியை வாங்கிப் போட்டேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சண்டைக்கு எனக்கு நேரமில்லை. வேறு கம்பெனியில் வாங்குகிறவர்களுக்கும் இதே கேள்விகள்தான் வரும்.

பாக்கெட் அரைக்கிலோ, தட்டையாக, கொத்துக்கறி போல அரைத்தது. நாய்க்குரியது 190 ரூபாய், பூனைக்குரியது 230. வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது இவர்கள் எல்லோரும் சொல்லும் பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் முனியனுக்கு நாளைக்கு 450 கிராம், மாதத்துக்கு 27 பாக்கெட். சுண்டுவுக்கு நாளைக்கு 120 கிராம். இரண்டும் சேர்ந்து மாதம் 6,700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. எங்கள் வீட்டு மூன்று பேருக்கான மளிகைப் பில்லைவிட அதிகம் என்று அம்மா சொன்னாள். நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் சொன்னது சரியாகிவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கறி நல்ல கறி. பாக்கெட்டைப் பிரித்தால் நாற்றம் கிடையாது. ஈரலின் நிறம் கெடாமல் இருக்கும். எலும்பை நைசாக அரைத்திருந்தார்கள், விரலால் நெருடினாலும் குத்தாது. உலர்தீனி போட்டால் முனியன் கிண்ணத்தை மோந்துவிட்டு, யாரோ எப்போதோ செய்த உபகாரத்துக்காகச் சாப்பிடுவதுபோல மத்தியானம் வரை இழுப்பான். இதைப் போட்டால் நாற்பது நொடி. அதற்கப்புறம் கிண்ணத்தை நக்கியே சமையலறையிலிருந்து ஹால்வரை தள்ளிக்கொண்டு வந்துவிடுவான். ரோமம் மினுக்கும் என்று விளம்பரத்தில் இருந்தது. அவனுக்கு முன்னாடியே மினுக்கம்தான், பின்னாடியும் அப்படித்தான்.

லேபிளில் 80, 10, 10 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, மிச்சப் பத்தில் பாதி ஈரல், பாதி கிட்னி, சுவரொட்டி என்கிற மண்ணீரல் மாதிரி உள்ளுறுப்பு. இந்தப் பச்சைக்கறி முறையை உலகமெங்கும் பரப்பியவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர், 1993இல் எழுதினார். அவர் காய்கறியும் அரைத்துச் சேர்க்கச் சொன்னவர். 80-10-10 பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்ட வாய்ப்பாடு. வாய்ப்பாடு எதுவானாலும் எலும்பு அதில் சும்மா இல்லை. வெறும் கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். அதையே தினமும் தின்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளும். கறிக்கடைத் துண்டை மட்டும் போட்டு வளர்த்த குட்டிகளுக்குக் கால் வளைவது இதனால்தான். நாய்க்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். கறி வாங்க எனக்குக் கடை தெரியும், அரைக்க மிக்சி இருக்கிறது. இவர்களுக்கு நான் கொடுப்பது அளப்பதற்கான காசு. அதனால் வாட்சப்பில் கேட்டேன்: நூறு கிராமில் கால்சியம் எத்தனை, பாஸ்பரஸ் எத்தனை?

"ஹாய் முனியன் மம்மி! எங்கள் உணவு 100 சதவீதம் இயற்கையானது" என்று பதில் வந்தது, கூடவே ஒரு பாதச்சுவடு பொம்மை. எண் வேண்டும் என்று மறுபடி கேட்டேன். "காட்டில் நாய்கள் கால்சியம் எண்ணிச் சாப்பிடுவதில்லையே மேம்" என்றார்கள். மூன்றாவது தடவை ஓநாய் படம் வந்தது. பனியில் நின்று நிலாவைப் பார்த்து ஊளையிடும் ஓநாய். அடியில், உங்கள் செல்லமும் இதுதான்.

முனியன் ஓநாய் என்றால் நான் சோழ இளவரசி. அவனுடைய பாட்டன் முப்பாட்டனெல்லாம் பழைய சோற்றிலும் கருவாட்டுத் தலையிலும் வளர்ந்தவர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2013இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு அதைப்போலப் பல மடங்கு. நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி அது. அதற்குக் கறி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஓநாய் படம் காட்டி என் கேள்வியை மூடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட உள்ளே வராது. "நாய்க்கு ஏதும்மா புரட்டாசி?" என்று கேட்டதற்கு, "நாய்க்கு இல்லை, பிரிட்ஜுக்கு உண்டு" என்றாள் அம்மா. அந்த ஒரு மாதமும் இரண்டுக்கும் பழைய உலர்தீனி. முனியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், வேறு ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பும் இல்லை, தாரும் இல்லை. நான் திட்டமிடாமலே ஒரு பரீட்சை நடந்து முடிந்துவிட்டது.

டெலிவரிக்கு வருவோம். பெருமாளைச் சேவித்து ஐப்பசியில் மறுபடி ஆரம்பித்தபோது வந்த முதல் பெட்டி பிற்பகல் இரண்டேகாலுக்கு வந்தது. காலை பத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தெர்மாக்கோல் பெட்டிக்குள் ஐஸ் பை முழுக்கத் தண்ணீராகிவிட்டிருந்தது. பாக்கெட்டை எடுத்தால் நடுவில் கல், ஓரமெல்லாம் அமுங்குகிறது, மூலையில் இளஞ்சிவப்பாக நீர் கோத்து நிற்கிறது. கொண்டுவந்த தம்பி, "அக்கா, வேளச்சேரியில ரெண்டு மணி நேரமா நிக்கிறேன், என்ன பண்ணச் சொல்றீங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை; மேமாதம் மாதிரி வெயில், வண்டியில் குளிர்பெட்டி இல்லை. கம்பெனிக்குப் படம் அனுப்பினேன். "பரவாயில்லை மேம், உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், மறுபடி உறைந்துவிடும்" என்றார்கள்.

உறையும்தான். ஆனால் உறைய வைத்தால் சால்மனெல்லா சாகாது, தூங்கும். இளகின நேரத்தில் எழுந்து பெருகும். இது மனிதர்களுக்கும் வருகிற கிருமி. நாய்க்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். மலத்தில், வாயில், அது நக்கின தரையில் எல்லாம் கிருமி இருக்கும். முனியனைப் பார்க்கும் கால்நடை டாக்டர் அம்மாவிடம் இந்தக் கறியைப் பற்றிச் சொன்னபோது அவர் நாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வீட்டில் யாரெல்லாம் இருக்கீங்க?" என்றுதான் கேட்டார். அம்மாவுக்கு 76, சர்க்கரை உண்டு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முனியன் சாப்பிட்ட கையோடு, இல்லை, சாப்பிட்ட வாயோடு அம்மாவின் பாதத்தை நக்குவது அவனுடைய தினசரிக் கடமை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012லிருந்தே பச்சைக்கறி வேண்டாம் என்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.

அன்றைக்கு வந்த பன்னிரண்டு பாக்கெட்டையும் கொட்டிவிடச் சொன்னார்கள் வீட்டில். கொட்டவில்லை. இளகியிருந்த நாலை மட்டும் தூக்கிப் போட்டேன். மற்றதைத் தினம் ஒன்றாக, ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றி, தனி எவர்சில்வர் தட்டு, தனிக் கரண்டி, சாப்பிட்டதும் கிண்ணத்துக்குக் கொதிநீர், தரைக்கு டெட்டால் என்று நடத்தினேன். இந்த வேலை மட்டும் நாளைக்கு அரை மணி நேரம். விலைப்பட்டியலில் இதை யாரும் போடுவதில்லை. 2023இல் மிக்ஜாம் புயலப்போ எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரீசர் நிறைய பச்சைக்கறியோடு அந்த டிசம்பரை நினைத்துப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது.

சுண்டு விஷயம் வேறு. பூனை அசல் மாமிசபட்சிணி, அதில் சந்தேகமே இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவைக்குத் தயாரித்துக்கொள்ள முடியாது. தீனியில் வர வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். 1987இல்தான் இதய நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். கோழி இதயத்தில் டாரின் நிறைய. கறியை வேகவைத்தால் அது தண்ணீரில் இறங்கிவிடும். பூனைக்கு வேகவைத்துப் போடுகிறவர்கள் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கறியோடு சேர்த்துக் கொடுங்கள். பச்சைக்கறிக்காரர்கள் சொல்வதில் இந்த இடம் நியாயமானது.

ஆனால் சுண்டு பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு வைத்தால் தொடமாட்டாள். கறியை மூடிபோட்ட டப்பாவில் போட்டு வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, அப்போதுதான் பிடித்த எலியின் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் செய்தேன். ஈரல் அளவு தெரியாததுதான் பயமாக இருந்தது. பூனைக்கு ஈரல் மாதக்கணக்கில் மிஞ்சினால் வைட்டமின் ஏ தேங்கி, கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போகும். வாரத்துக்கு வாரம் நிறம் மாறும் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நான் எதை நம்புவது?

நிறுத்தினது அதற்காக இல்லை, பறவைக் காய்ச்சலுக்காக. 2024 டிசம்பரில் நாக்பூர் வனவிலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிச் செத்தன. அதே டிசம்பரில் அமெரிக்காவின் ஒரேகானில் ஒரு வீட்டுப் பூனை அதே காய்ச்சலில் செத்து, அது தின்ற உறைந்த பச்சை வான்கோழித் தீனியில் அதே வைரஸ் இருந்தது தெரிந்து, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். தாய்லாந்தில் 2004இலேயே பச்சைக்கோழி தின்ற புலிகள் கூட்டமாகச் செத்திருக்கின்றன. கம்பெனியிடம் கேட்டேன், கோழியை என்ன செய்கிறீர்கள் என்று. "டீப் ஃப்ரீஸ் செய்கிறோம் மேம்." குளிரில் அந்த வைரஸ் சாகாது, பத்திரமாக இருக்கும். அழுத்தத்தால் கிருமி கொல்லும் முறையை வெளிநாட்டில் சில கம்பெனிகள் கையாளுகின்றன. அது உண்டா என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

இப்போது முனியனுக்குத் தெருமுனை பாய் கடையில் எலும்பில்லாத கோழி, கொஞ்சம் ஈரல். "நாய்க்குன்னா தலை, கால் இருக்கும்மா, சல்லிசா எடுத்துக்கோங்க" என்பார் பாய். வேகவைத்த எலும்பு ஊசி மாதிரி சிதறும் என்பதால் வாங்குவதில்லை. சோறு, பரங்கிக்காய், டாக்டர் அம்மா அளந்து எழுதிக் கொடுத்த முட்டையோட்டுப் பொடி, மாத்திரை. மாதம் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. சுண்டுவுக்கு டின் தீனி, மேலே வெந்த கோழி, வெந்த தண்ணீர். முனியன் இதற்கும் நாற்பது நொடிதான்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். இரண்டும் கறியின் தரத்துக்கு. வயதானவர்களோ கைக்குழந்தையோ இல்லாத வீடு, தனி ஃப்ரீசர், கால்சியம் கணக்கைக் காகிதத்தில் கொடுக்கிற கம்பெனி, இந்த மூன்றும் இருந்து, வளர்ந்த நாய்க்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். பூனைக்கு வேண்டாம்.

அந்த நாலு பாக்கெட்டுக்கு 760 ரூபாய் வர வேண்டும். பணமாகத் தரமாட்டார்களாம், ஆப்பில் வாலட்டில் போட்டிருக்கிறார்கள். அதில் கறியைத் தவிர வாங்கக்கூடியது காய வைத்த ஆட்டுக்காதும் ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டையும்தான். பட்டை முனியன் கழுத்து அளவில் இல்லை. ஆட்டுக்காதை யாராவது வாங்கிப் போட்டிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.