பமிலிசேர்ச்: நொத்தாரிசுக் கிளாக் ஒருத்தியின் மதிப்பீடு

சும்மா கிடைக்கிற சாமானை நான் லேசில் நம்புவதில்லை. அப்படிப்பட்ட நான் பமிலிசேர்ச் தளத்தைப் பற்றி நல்லதாக எழுத உட்கார்ந்திருப்பது என் வீட்டாருக்குப் புதினமாக இருக்கிறது. முன்னோரைத் தேடுகிறவர்களுக்கான இணையத்தளம் அது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் திருச்சபை நடத்துகிறது. கணக்குத் திறந்தால் போதும், காசு கேட்பதில்லை. அவர்களுடைய சபையில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

திருகோணமலை உவர்மலையில் இருக்கிறவளுக்கு அமெரிக்கக் கமக்காரரோடு என்ன வேலை? மகள் பிட்ஸ்பேர்க்கில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர் வெள்ளைக்காரப் பிள்ளை. அவருடைய தாய், என் சம்மந்தி, தன் தாய்வழியில் வந்த ஒரு கமக்காரரைப் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்தார். 1790களில் மேற்குப் பென்சில்வேனியாவில், வொஷிங்டன் கவுண்டியில் (கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி) கமம் செய்தவர் என்று மட்டும் தெரியும். அவருடைய பிள்ளைகளில் யார் ஒஹாயோவுக்குப் போனது, தன் வழி எந்தப் பிள்ளையினுடையது என்பது தெரியாது. ஒரு நிறுவனத்துக்கு டொலர் கட்டி வம்சப்படமும் வாங்கியிருந்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். படம் கண்ணுக்கு அழகு, இங்கிலாந்துப் பிரபு ஒருவர் வரைக்கும் ஏறிப் போகிறது. சான்று என்று பார்த்தால் ஒரு வரி இல்லை. “அம்மா, நீங்கள் வாழ்நாளெல்லாம் காணி உறுதி வாசித்தவர்தானே, மாமிக்கு ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ” என்றாள் மகள். நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் கிளாக்காக இருந்து ஓய்வெடுத்தவள் நான். சான்றில்லாத வம்சப்படத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

இந்தத் தளத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, உலகத்தில் யாரும் வந்து எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற பொதுக் குடும்ப மரம். அதை நான் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மற்றது பதிவுகளின் படங்கள். என் மதிப்பீடு முழுக்க இந்த இரண்டாவதைப் பற்றியதுதான். இந்தச் சபையினர் 1938 முதல் ஊர் ஊராகப் போய்ப் பதிவேடுகளை மைக்ரோபிலிமில் பிடித்தவர்கள். அந்தச் சுருள்கள் இருபத்து நாலு லட்சம். எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி முடித்தது 2021இல்.

அப்புறம் 2024இல் ‘ஃபுல் டெக்ஸ்ட் சேர்ச்’ என்று ஒன்றைச் சோதனையாக விட்டார்கள். கையெழுத்துப் பக்கத்தைக் கணினியே வாசித்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தேடக் கொடுக்கிறது. முதலில் போட்டவற்றில் அமெரிக்காவின் காணிப் பதிவுகளும் மரணசாசனப் பதிவுகளும்தான் முக்கியம். காணி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பழைய பெயரட்டவணையில் விற்றவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், அவ்வளவுதான். சாட்சி வைத்தவர், எல்லைக்காரர், கையெழுத்துப் போட்ட மனைவி, பங்கு கேட்ட மருமகன், இவர்கள் எல்லாரும் உறுதிக்குள்ளேயே புதைந்து கிடப்பார்கள். இப்போது அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கமக்காரரைப் பிடிக்க இதைவிட்டால் பெரிய வழியும் கிடையாது. அங்கே முதல் குடிசன மதிப்பு 1790இல். அதிலிருந்து 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எண்ணிக்கையில் அடங்கிவிடுவார்கள். அடிமைகள் தவிர வீட்டிலுள்ள எல்லாரையும் பெயரோடு எழுதத் தொடங்கியது 1850இல். ஒஹாயோவின் 1810ஆம் ஆண்டு மதிப்போ ஒரே ஒரு கவுண்டி தவிர மற்றதெல்லாம் தொலைந்துவிட்டது. காணியும் சாவும்தான் ஒரு கமக்காரனைக் கச்சேரிப் படி ஏற வைத்தவை. அவற்றின் கடதாசி கிடக்கிறது.

முதலில் வரிப்பட்டியல். பென்சில்வேனியாவில் ஏக்கர், குதிரை, மாடு என்று கணக்கெழுதி வரி வாங்கினார்கள். இருபத்தொரு வயது கடந்த, கலியாணம் கட்டாத ஆண்களைத் தனியாகப் பிரித்து அவர்களுக்கென்று ஒரு வரி. ஒருவனின் பெயர் அந்தத் தனியாள் பட்டியலில் எந்த வருடம் ஏறுகிறது, எந்த வருடம் இறங்குகிறது என்று பார்த்தால் வயதும் கலியாணமும் ஓரளவுக்குத் தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே இல்லாத காலத்துக்கு இது பெரிய உதவி.

அதிலேயே டொலர் வாங்கினவர்களின் படம் உடைந்தது. ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். கவுண்டிக்குள் வேறு வேறு டவுன்ஷிப், அதாவது சிறு பிரிவு; ஒருவரிடம் கிட்டத்தட்ட முந்நூறு ஏக்கர், மற்றவரிடம் அதில் பாதி. ஒருவருக்கு ‘சீனியர்’, மற்றவருக்கு ‘ஜூனியர்’ என்று கிளாக் எழுதியிருந்ததைப் பார்த்துத் தகப்பனும் மகனுமாக ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரே பெயர்க்காரர் இருவரைப் பிரித்துக் காட்டவும் அப்படி எழுதுவார்கள், உறவே இல்லாவிட்டாலும்.

உறுதிகளுக்கு வருவோம். ‘வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து நாற்பது பாகை கிழக்காக அறுபத்திரண்டு பேர்ச்சஸ், அங்கிருந்து இன்னாருடைய காணியோரமாக’ என்று போகிற எல்லை விவரம். பேர்ச்சஸ் என்ற அளவை அங்கே கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறரை அடி ஒரு பேர்ச், நூற்றறுபது சதுர பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். உப்புவெளியில் வீட்டு வளவுக்கு நாங்கள் இன்றைக்கும் விலை பேசுகிற அதே கணக்கு. பிட்ஸ்பேர்க்கில் பிறந்து வளர்ந்த சம்மந்திக்கு அந்த அளவு தெரியவில்லை, நான்தான் விளக்க வேண்டியிருந்தது. எல்லைக்காரரின் பெயர்களைக் குறித்துவைத்து அவர்களையும் தேட வேண்டும். உவர்மலையானாலும் வொஷிங்டன் கவுண்டியானாலும் பக்கத்துக் காணிக்காரர்தான் சாட்சிக்கும் வருவார், சம்பந்தமும் கலப்பார்.

உறுதியின் கடைசியில் இன்னொரு விசயம். மனைவி காணியில் தனக்குள்ள உரித்தை விட்டுக்கொடுக்கிறாள் என்றால், சமாதான நீதவான் அவளைப் புருசனுக்குக் கேட்காத இடத்தில் தனியாக விசாரித்து, அவள் விருப்பத்தோடுதான் கையொப்பமிட்டாள் என்று எழுதவேண்டும். அதனால்தான் எத்தனையோ பெண்களின் முதற்பெயர் நமக்குக் கிடைக்கிறது. குடும்பப் படத்தில் வெறும் ‘மனைவி’ என்றிருந்த ஒருத்திக்கு இப்படித்தான் பெயர் வந்தது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பதிவுப் புத்தகத்தில் இருப்பது கவுண்டிக் கிளாக் பார்த்தெழுதிய பிரதி. மூல உறுதி சொந்தக்காரரிடமே போய்விடும். ஆகவே அங்கே காணும் கையெழுத்து அந்தப் பாட்டனுடையது என்று படம் பிடித்துச் சட்டம் போடாதீர்கள். சம்மந்தி சட்டம் போடும் எண்ணத்தில் இருந்தார், நான் தடுத்துவிட்டேன்.

ஆனால் நான் மணிக்கணக்காக உட்கார்ந்தது அந்தக் கமக்காரருடைய மரணக் கோவையில்தான், அதாவது அவர் இறந்தபின் சொத்தைப் பற்றி எழுதிய கடதாசிக் கட்டில். மனிதர் மரணசாசனம் எழுதாமல் போயிருக்கிறார். எழுதாமல் போனவர்கள்தான் தேடுகிறவர்களுக்கு நல்லவர்கள் என்று எங்கள் ஐயா சொல்வார், கடதாசி கூடும். நிர்வகிக்க வந்தவர் பிணை கட்ட வேண்டும், அயலார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பொருளுக்கு விலை மதிக்க வேண்டும், அப்புறம் ஏலம். கபில நிறப் பெண்குதிரை ஒன்று, கலப்பை இரும்புகள், சணல் சிக்கெடுக்கிற சீப்பு, நூற்கும் ராட்டை இரண்டு, இறகு மெத்தை, வேதப்புத்தகம், வயலில் நிற்கிற ரை தானியம். வெட்டாத பயிருக்கும் விலை போட்டிருக்கிறார்கள். அறுப்புக்கு முன் ஆள் செத்தால் தம்பலகாமத்தில் என்ன கணக்குப் பார்ப்பார்களோ அதேதான்.

பட்டியலில் ஒரு சாராய வடியும் இருந்தது. சம்மந்தி தேவாலயத்தோடு ஒட்டினவர், கேட்டு முகம் சுருங்கியது. நான் அந்த ஊர்ச் சரித்திரத்தைத் தேடி வாசித்தேன். மேற்குப் பென்சில்வேனியாக்காரர் தானியத்தை அலெகனி மலை தாண்டிக் கொண்டுபோய் விற்பது கட்டுபடியாகாது. விஸ்கியாக வடித்தால் அதே குதிரை அதிக விலையைச் சுமக்கும். வீட்டு வடி அங்கே கமத்தின் ஒரு பகுதி. 1791இல் மத்திய அரசு விஸ்கிக்கு வரி போட்டதும் இந்தக் கவுண்டிகள்தான் கொதித்தெழுந்தன. 1794இல் ஜனாதிபதி வொஷிங்டன் ஏறத்தாழ பதின்மூவாயிரம் பேர் கொண்ட படையை அனுப்பி அடக்கினார். எங்கள் ஆள் அந்தக் கலகத்தில் நின்றாரா என்று இந்தக் கோவை சொல்லவில்லை. வடி இருந்தது, அவ்வளவுதான் சொல்லலாம் என்று எழுதி அனுப்பினேன். மருமகனுக்கு மட்டும் வலு சந்தோசம்.

ஏலப்பட்டியலில் யார் எதை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று வரிசையாக இருக்கிறது. விதவை தன் வீட்டு ராட்டையையும் இரும்புப் பானையையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சட்டம் அப்படி. பிள்ளைகள் உள்ள விதவைக்குக் காணியில் மூன்றிலொரு பங்கு, அதுவும் சீவிய உரித்து மட்டும். எங்கள் பொதுச்சட்டத்தில் துணைக்குப் பாதி. பிள்ளைகளுக்குள்ளும் 1794 வரை மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு போனது. அவர் இறந்தது அதற்குப் பிறகு என்பதால் சமபங்கு.

முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். அங்கே ‘அநாதைகள் நீதிமன்றம்’ என்று ஒன்று உண்டு, தகப்பனை இழந்த பிள்ளைகளின் முதுசத்தைப் பார்க்க. தாய் உயிரோடு இருந்தாலும் பிள்ளை அங்கே அநாதைதான். காணியைத் துண்டாடினால் கெடும் என்று கண்டு ஒரு மகன் ஏற்க, மற்றவர்கள் பங்கை எழுதிக்கொடுக்கிறார்கள். அந்த உறுதியில் பெண்மக்கள் எல்லாரும் புருசன் பெயரோடு, இளைய மகன் ‘தற்போது ஒஹாயோ மாநிலம் ஜெபர்சன் கவுண்டி’ என்ற முகவரியோடு நிற்கிறார்கள். அவன் மனைவியின் பெயரும் இருக்கிறது. சம்மந்தியின் பாட்டி வீட்டு வேதப்புத்தகத்தில் இருந்த அதே பெயர்.

அதற்குப் பிறகு அந்த இளைய மகனைத் தேடி அமெரிக்க அரசின் காணிப் பதிவுத் தளத்துக்குப் போனோம். அதுவும் இலவசம். ஒஹாயோவின் அந்தப் பக்கத்தில் ஓக் மரத்தை எல்லையாகச் சொல்லும் வழக்கம் கிடையாது, 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மைல் சதுர டவுன்ஷிப்பாக வெட்டி, ஒவ்வொன்றையும் முப்பத்தாறு துண்டாக்கி, துண்டொன்று 640 ஏக்கர். ஸ்டூபென்வில் காணிக் கந்தோரில் ஏக்கர் இரண்டு டொலருக்கு நாலு வருடத் தவணையில் விற்றார்கள். முழுக்காசும் கட்டிய பிறகுதான் அரசு தருகிற உரிமைப் பத்திரமான பட்டயம் வரும். பட்டயத்துத் திகதியை வைத்து ‘அந்த வருடம்தான் குடியேறினார்’ என்று எழுதுகிறவர்களை இணையம் முழுக்கக் காணலாம். அவர் அங்கே சில வருடம் முந்தியே காடு வெட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

சரி, குறைகள். கணினியின் வாசிப்பு நூற்றுக்கு நூறு சரியாகாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தில் ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எஃப்’ போலத் தெரியும். இரண்டு ‘எஸ்’ சேர்ந்து வருகிற குடும்பப் பெயரென்றால் நாலு விதமாகத் தேட வேண்டும். சொல்லுக்கு முன் கூட்டல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கம் மட்டும் வரும், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ நட்சத்திரக் குறியோ போடலாம். ஆங்கிலச் சட்டநடை பழகாதவர்களுக்கு முதல் கிழமை கஷ்டம்தான். கைபேசியில் முயலாதீர்கள், கண் போய்விடும். எங்கள் வீட்டில் மழைக்காலத்து மின்தடையும் சேர்ந்துகொண்டது, அதற்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, ஆவணக் காப்பகங்களோடு செய்த ஒப்பந்தத்தால் சில படங்களை அவர்களுடைய நிலையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ போய்த்தான் பார்க்கலாம். வீட்டிலிருந்து பார்க்க முடியாமல் அவை பூட்டிக் கிடக்கும். அப்படிப்பட்டவற்றின் இலக்கத்தைக் குறித்து மகளுக்கு அனுப்புவேன், அவள் சனிக்கிழமையில் அங்குள்ள நூலகத்தில் எடுத்து அனுப்புவாள். வெளிநாட்டில் ஆளில்லாதவர்களுக்கு அது ஒரு தடைதான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். கழித்த ஒன்று பூட்டுக்கும் பொதுக் குடும்ப மரத்துக்கும் சேர்த்து. இதை வாட்சப்பில் சொன்னதிலிருந்து, கிண்ணியாக் காணிக்கும் சாம்பல்தீவுக் காணிக்கும் பழைய உறுதி தேடித் தருவீர்களா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதிவேட்டின் வொலியூம், ஃபோலியோ இலக்கத்தோடு காணிப் பதிவகத்துக்குக் காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.