கொப்பர்னிக்கஸ் பிரவுசர்: அலாஸ்காவின் ஐஸும் வன்னியின் வெள்ளமும் ஒரே திரையில்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். நிரந்தர உறைநிலம், அதாவது ஆண்டுக்கணக்காக உறைந்தே கிடக்கும் நிலம், என்று சொன்னால் இரணைமடு வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன விளங்கும்? அதைக் கண்ணால் காட்ட எனக்குக் கிடைத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் செய்மதிப் படத் தளமான கொப்பர்னிக்கஸ் பிரவுசர். முழுக்க இலவசம். கைபேசியில் திறக்கலாம், ஆனால் சின்னத் திரையில் சிரமம், மடிக்கணினிதான் நல்லது.

நான் முதலில் திறப்பது அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை. எண்ணெய்க் குழாய் வேலைக்காக 1974 இல் போட்ட 666 கிலோமீற்றர் பாதை, பெரும்பகுதி உறைநிலத்தின் மேல். அங்கே கடும் குளிரில் ஆற்று நீர் படுக்கைவரை உறைந்துவிட்டால், கீழே ஓடிவரும் நீர் போக வழியில்லாமல் மேலே பீறிடும், பரவும், உறையும். அதன் மேல் அடுத்த படை. சில இடங்களில் பல மீற்றர் தடிப்புக்கு ஏறிவிடும். வீதியும் இதற்குத் துணை போகிறது. நிலத்தைப் போர்த்திக் காப்பது பனிதான். வாகனம் ஓட அதை வழித்து எடுத்ததும் குளிர் ஆழமாக இறங்கி, நிலத்தடி நீரின் பாதையை மறிக்கிறது. நீர் வீதியின் மேட்டுப் பக்கத்தில் பொங்குகிறது. எங்கள் ஊரில் மதகை ஆகாயத்தாமரை அடைத்தால் வெள்ளம் வீதியால் பாயும். அங்கே மதகை அடைப்பதும் தண்ணீரே. 2015 வசந்தத்தில் சகவனிர்க்டொக் ஆறு இப்படி ஏறி டெட்ஹோர்ஸ் பக்கம் வீதியை மூடியது, மாநில ஆளுநர் அனர்த்த நிலை அறிவித்தார்.

இதைப் படத்தில் பிடிக்க ஒரு பொறுமை வேண்டும். ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2 இன் படத்தில் பனிச் சுட்டெண்ணைப் போட்டால் பனியும் ஐஸும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் இரண்டும் பச்சை ஒளியைத் திருப்பிவிட்டுக் குற்றலை அகச்சிவப்பை விழுங்கும். ஆனால் மார்ச் மாதத்தில் எல்லாமே பனி. ஜூனுக்கு நகருங்கள். பனி கரைந்து போயிருக்கும், தடித்த ஐஸ் மட்டும் ஆற்றோரம் வெள்ளைத் திட்டாகக் கிடக்கும். அதைச் சுற்றிக் கோடு வரைந்தால் பரப்பளவைத் தளமே சொல்லும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் எந்த வளைவில் ஐஸ் திரும்பத் திரும்பக் கட்டுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தளத்தின் அருமை இதுதான்.

சரி, எது தெரியாது? படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர், பனிச் சுட்டெண்ணுக்கு வேண்டிய குற்றலை அகச்சிவப்பில் 20 மீற்றர். வீதியின் மேலே படிந்த ஐஸைத் தனியாகப் பிரிக்க முடியாது. தடிப்பும் தெரியாது, அதற்கு உயர அளவீடு வேண்டும். சென்டினல்-2 ஏவப்பட்டது 2015 ஜூனில் என்பதால் அந்த வசந்த வெள்ளத்தை அதில் தேட வேண்டாம். அமெரிக்கச் செய்மதியான லான்ட்சாட் 8 இன் படங்களில் தேடலாம்.

துருவ இருட்டில் ஒளிப்படம் உதவாது. அப்போதுதான் தானே அலை அனுப்பிப் படம் எடுக்கும் சென்டினல்-1 ரேடார். இரவென்ன, மேகமென்ன, அதற்கு ஒன்றுதான். எங்களுக்கும் இதே கதை: மாரியில் வன்னியை மேகம் மூடிக்கிடக்கும்போது, பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் எங்கே நீர் நிற்கிறது என்று சென்டினல்-2 இல் பார்த்தால் வெறும் வெள்ளைதான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த வெள்ளம் போன்றவற்றைப் படிக்க ரேடார் இல்லாமல் முடியாது. ஆனாலும் ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் எடுக்கும். இரவோடிரவாக வந்து வடியும் வெள்ளம் தப்பிவிடும்.

தொடங்குபவர்களுக்கு இன்னொன்று. அமைதியான நீர் ரேடாரில் கறுப்பு. பெரும்போகத்துக்கு நீர் கட்டிய வயலும் கறுப்பு. வயலையும் வெள்ளமென்று எண்ணிவிடாமல் இருக்க, பயிர் வளர்ந்த பிறகு எடுத்த படத்தையும் பக்கத்தில் வையுங்கள். நெல் எழும்பிய இடம் வெளுக்கும், நீர் நிற்கும் இடம் கறுப்பாகவே இருக்கும். பலத்த காற்று அடித்த நாளில் குளத்து நீரும் வெளுத்துத் தெரியும், ஆகவே ஒரே ஒரு படத்தை நம்பி எதையும் எழுதாதீர்கள்.