கிண்டியா, ஊர்க் கல்லூரியா? பொறியியல் இடம் எடுக்கும் முன் ஒரு மதிப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலையே பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. கட்ஆஃப் ரொம்ப மேலேயும் இல்லை, ரொம்பக் கீழேயும் இல்லை. கடன் வாங்கியாவது பெரிய யுனிவர்சிட்டியில் சேர்த்துவிடலாம் என்கிறார் மாமா. பக்கத்து ஊர்க் கல்லூரியில் துறைக்கு அறுபது பேர்தான், பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி சேர்ந்த பிறகு தெரியவந்தால் நாலு வருஷம் கையை விட்டுப் போயிருக்கும். அதனால்தான் தமிழ்நாட்டுச் சேர்க்கையை வைத்து இதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். ‘அண்ணா யுனிவர்சிட்டி’ என்றால் இங்கே இரண்டு பொருள். ஒன்று, பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள்: 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி சி.இ.ஜி., 1944-ல் வந்த ஏ.சி.டெக், 1949-ல் வந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி., கூடவே கட்டடக்கலைப் பள்ளி. மற்றொன்று, அதனுடன் இணைப்புப் பெற்று மாநிலம் முழுக்க இருக்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள். பட்டச் சான்றிதழில் எல்லாருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான் வரும். அதைக் காட்டி ‘எங்கே படித்தாலும் ஒன்றுதானே’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வேலைக்கு எடுக்க வருகிறவர்கள் கல்லூரியின் பெயரையும் கேட்பார்கள்.

பெரிய பல்கலைக்கழகம் எதைத் தருகிறது? பல துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால் மட்டுமே நடக்கக்கூடிய வேலைகளைத் தருகிறது. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி12 ராக்கெட்டில் ஏறிய அனுசாட் செயற்கைக்கோள் 40 கிலோ எடை கொண்டது. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கியது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான். விமானவியல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டால் அப்படி ஒரு வேலையைக் கையில் எடுக்கவே முடியாது. இன்னொரு லாபம் உடன் படிக்கும் பிள்ளைகள். பக்கத்து அறை மாணவன் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாராவதைப் பார்த்துப் புத்தகத்தைத் திறப்பவர்கள் எத்தனையோ பேர். எந்த டியூஷனும் அந்தச் சூழலைத் தராது.

தராததும் உண்டு. பெரிய இடத்தில் உங்கள் பிள்ளையை யாரும் தேடி வந்து கேட்க மாட்டார்கள். ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பேராசிரியர் முதலாண்டு வகுப்புக்கு வருவார் என்ற உறுதி கிடையாது. அந்த வகுப்புகளைத் தற்காலிக ஆசிரியர்கள் எடுப்பது வழக்கம். தாங்களே பட்டம் தரும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இது வேறு வடிவம் எடுக்கும். வேலூர் வி.ஐ.டி.யில் மாணவரே பாடத்தையும் ஆசிரியரையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் எஃப்.எஃப்.சி.எஸ். முறை இருக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். ஆனால் நல்ல ஆசிரியர்களின் இடங்கள் பதிவு தொடங்கியதும் மளமளவென்று நிரம்பிவிடும். சீனியர்களிடம் விசாரித்து, மாற்று ஏற்பாட்டோடு தயாராக உட்காராதவருக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். வாயைத் திறந்து கேட்கத் தயங்கும் பிள்ளை பெரிய வளாகத்தில் முதல் இரண்டு செமஸ்டருக்குள்ளேயே பின்தங்கிவிடுவது சகஜம். திறமைக் குறைவால் அல்ல, கேட்காததால்.

இனி சின்னக் கல்லூரி. இதில் முதலில் பார்க்க வேண்டியது அது தன்னாட்சி பெற்றதா இல்லையா என்பது. தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரியுடையது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. தன்னாட்சி இல்லையென்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்தம் எல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். இரண்டாவது வகையில் ஆசிரியர்களின் கவலையெல்லாம் தேர்ச்சி விகிதம்தான். பழைய கேள்வித்தாள்களை உருப்போட வைப்பதே பாடம் என்று ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. முதல் வகையிலும் ஆபத்து உண்டு. நடத்துகிறவரே கேள்வி எடுக்கும்போது தரம் முழுக்க அந்த ஆசிரியரின் மனசாட்சியைப் பொறுத்தது.

இன்டர்னல் மதிப்பெண் விஷயத்தைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் பாட, தேர்வு விதித் தொகுப்புக்கு ரெகுலேஷன் என்று பெயர். 2017 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 ரெகுலேஷனில் அது 40-க்கு 60 ஆனது. லேபுக்கு 60-க்கு 40. சின்னக் கல்லூரியில் இன்டர்னலைத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். மாணவர் 40-க்கு 37 வைத்துக்கொண்டு, இனி கொஞ்சம் எழுதினால் போதும் என்று நினைப்பார். ஆனால் 2021 ரெகுலேஷன்படி செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும். தேர்வில் 40 சதவீதம் வாங்கினால் இன்டர்னலையும் சேர்த்து 61 வரும், ஆனாலும் அரியர்தான். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் இப்படி விழுந்தவர் பலர். சேரப்போகும் பேட்சுக்கு எந்த ரெகுலேஷன், அதில் இந்த எண்கள் என்ன என்று சேரும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கல்லூரியின் பெரிய வாக்குறுதி ‘தனிக் கவனம்’. அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர். ஆண்டுக்கு 60 இடம் உள்ள துறையில் நாலு வருஷத்துக்கு 240 பேர். ஆக 12 ஆசிரியர்கள் வேண்டும். கல்லூரி இணையதளத்தில் அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலை எடுத்து, நேரில் போகும்போது அங்கே படிக்கும் மூன்றாமாண்டு மாணவரிடம் காட்டுங்கள். இதில் யார் யார் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. காகிதத்தில் 12 பேர் இருப்பதும் வகுப்பில் 12 பேர் இருப்பதும் வேறு வேறு.

எண்களுக்கு வருவோம். விளம்பரத் தட்டியில் இருக்கும் ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. எதற்கு நூறு? வேலைத் தேர்வு எழுதத் தகுதி பெற்றவர்களுக்கா, மொத்த மாணவர்களுக்கா? பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்று பல ஐ.டி. நிறுவனங்கள் நிபந்தனை போடும். அதில் தேறாதவர்களைக் கழித்துவிட்டு மிச்சப் பேருக்குச் சதவீதம் போடுவது பழைய தந்திரம். ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபரை மூன்று பேராக எண்ணுவது இன்னொன்று.

இதற்கு நல்ல மருந்து, மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்குக் கல்லூரி தரும் தரவுக் கோப்பு. தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதை மறந்துவிடுங்கள். அதற்காகக் கல்லூரி சமர்ப்பிக்கும் பி.டி.எஃப். கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். அதில் நாலு வருஷ இளநிலைப் படிப்பு என்ற அட்டவணைக்குப் போங்கள். ஒரு வரியில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: முதலாண்டு அனுமதி இடங்கள் 120, சேர்ந்தவர்கள் 84, இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் 12, குறித்த காலத்தில் முடித்தவர்கள் 61, வேலை பெற்றவர்கள் 40, இடைநிலை ஊதியம் 2,60,000, மேற்படிப்புக்குப் போனவர்கள் 5. இப்போது கூட்டுங்கள். படித்தவர்கள் மொத்தம் 96. நேரத்துக்கு முடித்தவர்கள் 61 என்றால் 35 பேர் அரியரோடு வெளியே போயிருக்கிறார்கள், அல்லது பாதியில் நின்றிருக்கிறார்கள். வேலை கிடைத்தது 96-ல் 40. தட்டியில் இது ‘தகுதி பெற்றவர்களில் 90 சதவீதம்’ ஆகியிருக்கும். இடைநிலை ஊதியம் என்பது வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள்; ஒரே ஒருவர் வாங்கிய 20 லட்சம் அதை அசைக்காது. இந்தக் கோப்பு இல்லாத கல்லூரியாக இருந்தால், தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சிப் பட்டியலைப் பாருங்கள்.

நேரில் போனால் முகப்புக் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். லேத் மெஷினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். தட்டில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்கிறதா, பழைய ஆயில் வழிந்த கறை இருக்கிறதா? இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகள் தேய்ந்து பளபளக்கின்றனவா, துருவேறி இருக்கின்றனவா? சீவலே இல்லாமல் தரை பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த மெஷின் ஆய்வுக் குழு வரும் நாளுக்காக நிற்கிறது. பிறகு எண்ணுங்கள். அறுபது பேர் வகுப்பை இரண்டாகப் பிரித்தால் முப்பது பேர். ஓடுகிற லேத் ஆறு என்றால் ஒரு மெஷினுக்கு ஐந்து பேர். மூன்று மணி நேர லேபில் ஆளுக்கு 36 நிமிடம். ஓடுவது இரண்டுதான் என்றால் ஆளுக்கு 12 நிமிடம். டூலைப் பிடித்து சென்டர் பார்க்கவே அது போதாது. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இதே கணக்கை, மின் அலைகளைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ. கருவிக்குப் போடுங்கள். பெரிய பல்கலைக்கழகமானாலும் இந்தக் கணக்கில் சலுகை கிடையாது.

2024-25-லிருந்து இப்படி எண்ணிப் பார்ப்பது இன்னும் முக்கியமாகிவிட்டது. நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒரு துறையில் இத்தனை இடம்தான் வைக்கலாம் என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. பெரிய தனியார் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சீனியர் பேட்சின் பிளேஸ்மென்ட் கணக்கை வைத்து முடிவெடுக்கும் முன், அந்த பேட்சில் எத்தனை பேர், உங்கள் பேட்சில் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள்.

எங்கள் தீர்ப்பைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறோம். சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ (மின்னியல்) போன்ற கோர் துறைகளுக்கு, பழைய அரசுக் கல்லூரியும் அரசு உதவி பெறும் கல்லூரியும்தான் பணத்துக்கு மதிப்பு. 1945-ல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), 1952-ல் வந்த காரைக்குடி அழகப்பா, 1957-ல் வந்த மதுரை தியாகராஜர் போன்றவற்றில் முன்னாள் மாணவர்கள் துறைதோறும் இருக்கிறார்கள், கட்டணமும் தாங்கும். காரைக்குடியிலேயே மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், விஞ்ஞானிகள் இருக்கும் வளாகத்துக்குள்ளேயே, வேதி மற்றும் மின்வேதியியல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கலாம். பேட்டரிக்கு இன்று இருக்கும் தேவையை நினைத்தால், சின்னது என்பது குறையே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் துறைக்குப் பெரிய இடத்தின் போட்டியும் உடன் படிப்பவர்களும் உதவும். ஆனால் அதற்காக வீட்டை அடமானம் வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

ஏனென்றால் பண வித்தியாசம் பெரியது. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. என்ற தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 ரூபாய் என்று வைத்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை அங்கே கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. 2021 முதல் அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை ஆசையில் நிகர்நிலைக்கு அனுப்பும் முன் இதை நூறு முறை யோசியுங்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். தரவரிசையில் முன்னால் இருக்கும் நிறுவனங்களுக்கு பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடு இல்லாமல் கிடைக்கும். ஆனால் வட்டியும் அசலும் கட்டித்தான் தீர வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

கடைசியாக சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரிகளையும் துறைகளையும் வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது. கணினி உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலின் முதல் வரியிலிருந்து கீழே வரும். எந்த இடம் காலியோ அதைத் தந்துவிட்டு நிற்கும். ஆகவே கிடைக்காது என்று தோன்றினாலும் ஆசைப்பட்டதை மேலேயே வையுங்கள், எந்த நஷ்டமும் இல்லை. பாதுகாப்புக்காக ஒரு சின்னக் கல்லூரியை மேலே வைத்துவிட்டு, அதே கிடைத்ததும் வருந்துகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ஒதுக்கீடு வந்தபின் ‘ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள இடம் கிடைத்த நொடியே பழைய இடம் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. லாக் பண்ணும் முன் கல்லூரிக் குறியீட்டு எண்ணை வரி வரியாக, இன்னொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பி.எஸ்.ஜி. டெக் 2006, நீலம்பூர் பி.எஸ்.ஜி. ஐடெக் 2377. பெயரை மட்டும் பார்த்து மாற்றிப் போட்டுவிட்டால், லாக் ஆனபிறகு யாராலும் திருத்த முடியாது.